தேதிக் கட்டத்தில் ஒரு கோடு

ஸ்கேன் சென்டரில் முன்மேஜை வேலை என்பது, முன்பின் தெரியாத பெண்களிடம் "கடைசியா எப்பத் தலைக்குக் குளிச்சீங்க?" என்று கேட்டு, அவர்கள் சொல்வதை மாதவிலக்குத் தேதியாக மாற்றிப் படிவத்தில் எழுதுவது. 2008இல், விலங்கியல் பட்டத்தோடு, கடலூரிலிருந்து தினமும் பஸ் ஏறி சிதம்பரத்துக்கு வந்து இதைத்தான் செய்யத் தொடங்கினேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்க நடுங்குகிறவர்கள் என் பாட்டைப் புரிந்துகொள்வீர்கள்.

குரல்

எங்கள் ஊர்ப் பெண்கள் காலண்டர் பார்த்துத் தேதி சொல்வதில்லை. "தேர் அன்னிக்கு. எல்லாரும் கோயிலுக்குப் போனாங்க, நான் மட்டும் போவல" என்பார்கள். நான் காலண்டரைப் புரட்டித் தேரைக் கண்டுபிடிப்பேன். கேள்வியைக் கேட்பதுதான் கஷ்டம். பெஞ்சில் ஆண்களும் இருப்பார்கள். என் குரல் மேஜையைத் தாண்டாது.

நர்ஸ் மேரி அக்கா ஒருநாள் எல்லார் முன்னாலும் சொன்னார்: "நீ கேக்குறது மொதல்ல உனக்குக் கேக்குதா பாரு, பாப்பா."

குழாயில் தங்கியது

ரோஸ்லினுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். நாள் தள்ளிப்போய், லேசாக உதிரம் பட்டதால் வந்தாள். ஸ்கேனில் கர்ப்பப்பை காலி. இடப்பக்கக் கருக்குழாயில் சின்னதாக ஒரு கட்டி. டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். கரு உருவாவது குழாயில்தான். சில நாளில் அது நகர்ந்து கர்ப்பப்பைக்கு வந்துவிட வேண்டும். எப்போதோ வந்த கிருமித்தொற்றோ ஆபரேஷனோ குழாயில் தழும்பு விட்டிருந்தால், கரு வழியிலேயே தங்கிவிடும். வளர்ந்தால் குழாய் வெடித்து, ரத்தம் வயிற்றுக்குள்ளேயே கொட்டும். வெளியே அதிகம் தெரியாது. சிலருக்குத் தோள்பட்டைதான் வலிக்கும்.

சீக்கிரம் கண்டுபிடித்ததால் அவளுக்குக் கருவைக் கரைக்கும் ஊசி போதும், பிறகு ஹார்மோன் இறங்கும்வரை ரத்தப் பரிசோதனை என்றார். ரிப்போர்ட்டை டைப் செய்யும்போது 'வெளியே தெரியாது' என்பதுதான் திரும்பத் திரும்ப மனதில் வந்தது.

ரோஸ்லின் என் மேஜைக்கு வந்து மெதுவாகக் கேட்டாள்: "ஊசி எனக்கு வலிக்குமான்னு கேக்கல மேடம். அதுக்கு வலிக்குமா?"

கோடு

சில மாதம் கழித்து, புவனகிரியிலிருந்து கலைச்செல்வி புருஷனோடு வந்தாள். வலப்பக்க அடிவயிற்றில் வலி. குடல்வால் அழற்சியாக இருக்கலாம் என்று அவர்கள் ஊர் டாக்டரின் சீட்டு. நான் தேதிக்கு வருமுன்பே, "ரெண்டு புள்ளையோட ஆபரேஷன் பண்ணியாச்சும்மா" என்றாள். எனக்கு நிம்மதி. குடும்பக் கட்டுப்பாடு செய்தவர்களுக்குத் தேதிக் கட்டத்தில் கோடு போட்டுவிடுவது எங்கள் மேஜையின் பழக்கம். போட்டேன்.

சிறுநீர் முட்டினால்தான் ஸ்கேன் தெளிவாக விழும் என்று, பாட்டில் தண்ணீரோடு பெஞ்சில் உட்கார வைத்தோம். அவளுக்கு முன்னால் ஆறு பேர். தண்ணீர் அப்படியே இருந்தது. வயிற்றுவலிக்காரி வயிற்றை விட்டுவிட்டு வலது தோளைப் பிசைந்துகொண்டிருந்தாள். உதடு வெளுத்திருந்தது. நான் அந்தக் கோட்டைப் பார்த்தேன். கேட்டு, ஒன்றுமில்லாமல் போனால்? ஆபரேஷன் செய்தவளிடம், அதுவும் புருஷன் பக்கத்தில் இருக்கும்போது, எப்படிக் கேட்பது? கேட்காமல், ஏதாவது ஆகிவிட்டால்?

எழுந்து போனேன். என் குரலா என்று எனக்கே சந்தேகம் வரும்படி, "அக்கா, கடைசியா எப்பத் தலைக்குக் குளிச்சீங்க?" என்றேன். பெஞ்சு மொத்தமும் திரும்பியது.

நெற்றியில் வேர்வையோடு அவள் சொன்னாள்: "பதினஞ்சு நாளு தள்ளிப்போச்சு. நீ கேக்கவே இல்லியேம்மா."

கதவுக்கு அந்தப்பக்கம்

ஆறு பேரையும் தாண்டி அவளை உள்ளே தூக்கிப் போனோம். சிறுநீர்ப் பரிசோதனையில் கர்ப்பம் உறுதியானது. ஸ்கேனில் வயிறு முழுக்க ரத்தம்; வலது குழாய் வெடித்திருந்தது. "ஆபரேஷன் பண்ணவளுக்கு எப்படி டாக்டர்?" என்ற புருஷனின் பார்வை வேறெங்கோ போகுமுன், டாக்டரம்மா மறித்தார். "கட்டின குழாயில அபூர்வமா சின்ன வழி விட்டுக்கும் தம்பி. உங்க விந்து போற அளவு இருக்கும், கரு திரும்பி வர்ற அளவு இருக்காது. சந்தேகத்த அப்புறம் வச்சுக்கலாம், மொதல்ல ரத்தம் குடுக்க ஆளக் கூப்பிடுங்க."

பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி கிளம்பியது. சாயங்காலம் மேரி அக்கா போன் செய்து கேட்கும்வரை நான் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. குழாயை எடுத்துவிட்டார்களாம், புருஷனும் மச்சானும் ரத்தம் கொடுத்தார்களாம், கண் விழித்துவிட்டாளாம்.

ஒரு மாதம் கழித்து அவளே வந்தாள். நான் வழக்கம்போல யாரிடமோ முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். வாசலிலிருந்தே சொன்னாள்: "அன்னிக்குக் கத்துன மாதிரி கேளும்மா, எங்க உசுரு அதுல கெடக்குது."

அன்றிலிருந்து அந்தக் கட்டத்தில் நான் கோடே போடுவதில்லை. அதற்காக அறுபது வயது அம்மாக்களிடமும் தேதி கேட்டு, பெஞ்சு முழுக்கச் சிரிக்கத் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.