நடுவில் ஒரு பொன்னாடை

குந்தவையால் எதையும் சகித்துக்கொள்ள முடியும், பொன்னாடையைத் தவிர. நாடகம் சூடு பிடிக்கிற நேரம் பார்த்து யாராவது ஒரு பிரமுகர் செருப்பைக் கழற்றிவிட்டு மேடையேறுவார். நடிப்பவரின் தோளில் ஜரிகை பளபளக்கும், போட்டோ எடுப்பார்கள், மைக்கில் பெயர் சொல்வார்கள். அதற்குள் நாடகம் செத்திருக்கும். அழைப்பிதழிலேயே 'நாடகத்தின் நடுவே மேடையேற வேண்டாம்' என்று அச்சடித்துப் பார்த்தாள். அதைப் படித்துவிட்டும் ஏறினார்கள்.

அவள் குடவாசல் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். புதுச்சேரியில் நாடகம் படித்துவிட்டு வந்து தஞ்சாவூரில் ஒரு மாடி அறையைப் பிடித்துக் குழு தொடங்கினாள். மேடையில் மனிதரோடு ஒளியும் கணினியும் சேர்ந்து நடிக்க வேண்டும் என்பது அவளுடைய கிறுக்கு. நாடகக்காரர்கள் அதை சினிமா என்று ஒதுக்கினார்கள். சினிமாக்காரர்கள் நாடகம் என்று ஒதுங்கினார்கள். ஊர்களில் புரொஜக்டரைப் பார்த்ததும், "படம் எப்பம்மா போடுவீங்க?" என்று கேட்டார்கள். கல்யாண மண்டபங்களில் மணமக்களின் படத்தை எல்இடி திரையில் ஓட்டித்தான் அவள் வயிற்றைக் கழுவினாள். அந்த வேலையில் மட்டும் யாரும் அவளைக் குறை சொன்னதில்லை.

அந்த எரிச்சலிலேயே பல வருடம் உட்கார்ந்து ஒரு நாடகம் செய்தாள். வாய்க்கால் முடிகிற கடைமடையில் தண்ணீருக்குக் காத்திருக்கும் ஒரு பெண்ணின் கதை. மேடைத் தரை முழுக்க வெள்ளைத் துணி. மேலே ஒரு கேமரா, ஒரு புரொஜக்டர். துணியில் ஒளியாலான தண்ணீர் அலையடிக்கும். நடிகை அருள்மேரி ஓரடி எடுத்து வைத்தால் தண்ணீர் ஓரடி பின்வாங்கும். அவள் ஓடினால் அதுவும் ஓடும். கடைசிக் காட்சியில் பக்கத்து வயல்காரியாக அனிட்டா வந்து அவள் கையைப் பிடிக்க வேண்டும். மேடையில் இரண்டு பேர் சேர்ந்து நிற்பதைக் கேமரா கண்டதும் தண்ணீர் முதல்முறையாகத் திரும்பி அவர்கள் காலடிக்கு வரும். மொத்த நாடகமும் அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான். கடைமடைக்காரர்கள் அதைப் பார்த்து ஒரு மூச்சாவது விட வேண்டும் என்பதுதான் குந்தவையின் ஆசை. அது நடக்காவிட்டால் கல்யாண மண்டபமே கதி என்று முடிவு கட்டியிருந்தாள்.

பூம்புகாருக்கு மேற்கே ஓர் ஊரில், அறுவடை முடிந்த வயலில் பந்தல் போட்டு, பொழுது சாய்ந்ததும் நாடகம் தொடங்கியது. முன்வரிசையில் பாசன சங்கத் தலைவர் சாரங்கபாணி. வாய்க்கால் தொடங்கும் தலைமடையிலேயே வயல் வைத்திருப்பவர். அருள்மேரி வறண்ட வாய்க்காலைக் கையால் தோண்டிய காட்சியில் மனிதர் நிஜமாகவே கண் கலங்கிவிட்டார். தனக்குப் போட்ட பொன்னாடையையே எடுத்துக்கொண்டு மேடையேறினார்.

"ஐயோ, ஏறாதீங்க!" என்று குந்தவை கணினிக்குப் பின்னாலிருந்து கத்தினாள். யார் காதில் விழும்?

அவர் அருள்மேரிக்குப் பக்கத்தில் போய் நின்றார். கேமரா இரண்டு பேரைக் கண்டது. அத்தனை நேரம் ஓடி ஒளிந்த தண்ணீர் சலசலவென்று திரும்பி வந்து சாரங்கபாணியின் காலைச் சுற்றியது. பந்தலில் விசில் பறந்தது. அவர் முதலில் வேட்டியைத் தூக்கிப் பிடித்தார். பிறகு விஷயம் புரிந்து, சிரித்து, கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார். "தலைவர் வந்தாத்தான்யா தண்ணி வருது!" என்று அவருடைய ஆள் ஒருவன் கூவினான். பின்வரிசையில் சிலர் நாடகம் முடிந்ததென்று எழுந்து துண்டை உதறினார்கள்.

குந்தவைக்கு ஆத்திரம் தலைக்கேறியது. என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல் புரொஜக்டரின் வயரைப் பிடுங்கி எறிந்தாள். எக்கேடு கெட்டாவது போகட்டும்.

தலைவர் இறங்கிவிட்டார். டியூப்லைட் வெளிச்சத்தில் வெறும் துணி கிடந்தது. அருள்மேரி பொன்னாடையை மடித்து ஓரமாக வைத்துவிட்டு மறுபடியும் தோண்டத் தொடங்கினாள். வேறு வழி தெரியாமல் அனிட்டாவும் வந்து அவள் கையைப் பிடித்தாள். இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். எதுவும் வரவில்லை. எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள்.

கூட்டம் கலைந்ததும் பிரகதாம்பாள் என்ற அந்த ஊர் அம்மாள் ஒருத்தி குந்தவையிடம் வந்தாள். முகமெல்லாம் அழுத ஈரம்.

"நீங்கதான் நாடகம் போட்டவங்களா? அவர மேலேத்தி, அவரு காலுல தண்ணிய விட்டீங்க பாருங்க! தலைமடைக்காரருக்கு வந்துச்சு. அந்தப் புள்ளைங்க ரெண்டு பேரும் சேர்ந்து நின்னும் வரல. இங்க நிசமாவே அதான் நடக்குது. அவரு எதிர்லயே காமிச்சீங்களே, அதுக்கு ஒரு தைரியம் வேணும்மா."

இல்லை என்று சொல்ல வாயெடுத்த குந்தவை சொல்லாமல் விட்டாள். இத்தனை வருடம் அவள் தண்ணீர் வரவழைக்கப் பாடுபட்டாள். வயரைப் பிடுங்கியதற்குப் பாராட்டு கிடைத்திருக்கிறது!

"அக்கா, இனிமே இப்படியே முடிச்சிடலாமா?" என்றாள் அருள்மேரி.

"வாய மூடு" என்றாள் குந்தவை. ஆனாலும் வண்டியில் வரும்போதெல்லாம் அந்த அம்மாளின் முகம்தான் கண்ணில் நின்றது. கடைமடைக்காரர்கள் விட்ட மூச்சு அதுதான். எரிந்து விழுந்துகொண்டே, அடுத்த வாரம் முழுக்க உட்கார்ந்து நாடகத்தை மாற்றினாள். பிரமுகர் ஏறினால் தண்ணீர் வரும். பெண்கள் சேர்ந்தால் வராது.

அடுத்த காட்சி திருவிடைமருதூரில். ஏற்பாடு செய்த ஜாஃபர் சாதிக் போனில் பெருமையாகச் சொன்னார்: "உங்க அழைப்பிதழைப் படிச்சோம் மேடம். நாங்க வேற மாதிரி ஆளுங்க. பொன்னாடையே கிடையாது. நாடகம் முடியறவரைக்கும் ஒருத்தரும் மேடைப் பக்கம் வர மாட்டோம். எல்லாருக்கும் கண்டிஷனா சொல்லிட்டோம்."

குந்தவை தலையில் கைவைத்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"சார், உங்களக் கெஞ்சிக் கேக்குறேன்" என்றாள். "உங்க ஊர்ல ஒரு பெரிய மனுசன் கூடவா இல்ல? நடுவுல ஏறி ஒரே ஒரு பொன்னாடை போடச் சொல்லுங்க சார்."