மல்லாந்து விழுந்த கோழி

கானாவின் வடக்கே, சமாத்தா வாழ்ந்த குடியிருப்பில், "நான் சூனியக்காரி இல்லை" என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் இருக்க இடம் கிடையாது. ஊர் துரத்திய பெண் வந்து நின்றதும் மண்ணைத் தெய்வமாகக் கும்பிடும் பூமிப் பூசாரி ஒரு கோழியை அறுத்து வீசுவார். துடித்து அடங்கிய கோழி குப்புறக் கிடந்தால் அவள் சூனியக்காரி. மந்திரித்த தண்ணீரைக் குடித்துவிட்டு அங்கேயே பிழைத்துக்கொள்ளலாம். மல்லாந்து கிடந்தால் குற்றமற்றவள். ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

சமாத்தாவின் மைத்துனன் பிள்ளை காய்ச்சலில் செத்தது. சமாத்தா கத்தியோடு தன் கனவில் வந்தாள் என்றான் மைத்துனன். வேறு சாட்சி எதுவும் தேவைப்படவில்லை. கல்லடி பட்ட தலையோடு அவளைச் சைக்கிளில் ஏற்றி அந்தக் குடியிருப்புக்குக் கொண்டுவந்தான் மகன் நெயின்டோ.

கோழி மல்லாந்து விழுந்தது.

"திரும்பிப் போனா கொன்னுருவாங்க," என்றான் நெயின்டோ, தரையைப் பார்த்து.

கிழட்டுப் பூசாரி அவள் தலையில் வழிந்த ரத்தத்தைப் பார்த்தார். கால் விரலால் கோழியை மெல்லப் புரட்டினார். "குப்புறத்தான் கெடக்கு," என்றார்.

அன்றிலிருந்து அவள் சூனியக்காரி. பிறர் வயலில் கடலை பிடுங்கினாள், காட்டில் எண்ணெய்க்கு ஷியா கொட்டை பொறுக்கினாள். கிழவர் செத்து அவர் தம்பி பூசாரியானார். மகன் வருவது குறைந்து, நின்றும் போனது.

பிறகு ஒருநாள் வும்பினி வந்தாள். தமாலே நகரத்தில் ஆராய்ச்சி படிக்கிற பெண். அவள் வீட்டில் முதலில் படித்தவளும் அவள்தான். மண்ணில் உட்கார்ந்து, கூடவே கடலை உடைத்தாள்.

"எங்களப் பத்தி எழுதிப் பட்டம் வாங்கப் போறியா புள்ள?" என்றாள் பக்கத்துக் குடிசை லமிசி. "வாங்கு. அப்படியே எனக்கொரு புருஷனும் பாரு. கெழவனா இருந்தாலும் பரவால்ல, கனவு வராதவனா இருக்கணும்."

லமிசி போனபின் வும்பினி தயங்கிக் கேட்டாள். "உங்களுக்குச் சூனியம் தெரியுமாம்மா?"

சமாத்தாவின் கை நின்றது. இத்தனை வருஷத்தில் எல்லோரும் அவளிடம் அதைச் சொல்லியிருக்கிறார்கள். ஒருவரும் கேட்டதில்லை.

"தெரியாது தாயி," என்றாள். கால் விரல் கதையையும் சொன்னாள். "யார்ட்டயும் சொல்லிராத."

"சொல்லமாட்டேம்மா."

மறுவாரம் பூசாரி கூப்பிட்டனுப்பினார். அவர் பக்கத்தில் வும்பினி முகமெல்லாம் மலர்ந்து நின்றாள்.

"மன்னிச்சிருங்கம்மா, மனசு கேக்கல. நீங்க குத்தமில்லாதவங்கன்னு ஐயாகிட்ட சொல்லிட்டேன். இனி தல நிமிந்து ஊருக்குப் போலாம். உங்க மகனுக்கும் போன் போட்டேன். பேச்சே வரல அவருக்கு. சந்தோஷம் போல."

சமாத்தா அவளைத் திட்டவில்லை. பூசாரியின் முன் மண்டியிட்டாள். "பொய்ங்கய்யா. பாவம், சின்னப் பொண்ணு, நம்பிருச்சு. வேணும்னா இன்னொரு கோழி அறுத்துப் பாருங்க."

சண்டைக்கோழி போலத் திமிறிய ஒரு சேவலை லமிசியே பிடித்துவந்து கொடுத்தாள். அறுத்து வீசினார்கள். சமாத்தா கண்ணை மூடிக்கொண்டு, தன்னைச் சூனியக்காரியாக்கும்படி மண்ணை வேண்டினாள். சிறகடிப்பு ஓய்ந்தது. வும்பினி கைதட்டினாள். கூடத் தட்ட யாரும் இல்லாததால் பாதியில் நிறுத்தினாள்.

சேவலின் கால்கள் வானத்தைப் பார்த்துக் கிடந்தன.

லமிசி புதுப் பூசாரியின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அசையவில்லை.

"சாமி சொல்லிருச்சு," என்றார் அவர். "மகன வரச் சொல்லு."

சமாத்தா எழுந்து குடிசைக்குப் போனாள், பாயைச் சுருட்ட.