ஏறினாரா, ஏறினாராமா

1. போன கோடையில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும் பங்குத்தந்தை என்னைக் கூப்பிட்டார். இங்கிலீஷ் தெரிந்த, வெளியே பேசாத ஆள் ஒருவர் தேவை என்றார்.

2. உதவி எங்கள் பங்கைச் சேர்ந்த ஓர் அக்காவுக்கு. இலங்கையில் போர் முடிந்த பிறகு சின்னப் பெண் குழந்தையோடு விருத்தாசலம் வந்து, முகாமில் சேராமல் போலீஸ் ஸ்டேஷனில் பதிந்துகொண்டு வாடகை வீட்டில் இருப்பவர். நான் தரக்கட்டுப்பாடு பார்க்கும் செராமிக் யூனிட்டில்தான் அவருக்கும் வேலை. சூளைக்குப் போகும் முன் கப், சாசர்களின் ஓரத்தை ஈர ஸ்பான்ஜால் தேய்த்துச் சீராக்குவார்.

3. அக்காவின் கணவர் போரின் கடைசி நாட்களில் ராணுவத்திடம் சரணடைந்தவர். அதன்பின் அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

4. வெளிநாட்டில் ஒரு வழக்கறிஞர் குழு, அப்படிக் காணாமல் போனவர்களின் குடும்பங்களிடம் வாக்குமூலம் சேகரித்து வந்தது. என்றைக்காவது ஒரு சர்வதேச நீதிமன்றம் கேட்டால் கொடுப்பதற்கு.

5. நான்கு ஞாயிறுகள், கோயில் வளாகத்தில் உள்ள மறைக்கல்வி அறையில், லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, அக்கா தமிழில் சொன்னதை நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

6. மூன்றாவது ஞாயிறு, ஒரு சொல்லின் கடைசியில் இருந்த ‘ஆம்’ என்ற ஒட்டில் வேலை நின்றது.

வரிசையாக எழுதினால் இவ்வளவுதான். எண் போட்டு எழுதினால்தான் எனக்கு மனம் ஓரிடத்தில் நிற்கும். இதை எழுதலாமா என்று அக்காவிடம் கேட்டேன். “பேரைப் போடாதைங்கோ தங்கச்சி. மற்றதெல்லாம் எழுதுங்கோ. எங்கட கதை ஊருக்கே தெரியும். தெரிஞ்சு என்ன நடந்தது?” என்றார்.

முதல் ஞாயிறு நான் சுறுசுறுப்பாகத்தான் போனேன். நோட்டு, இரண்டு பேனா, தண்ணீர் பாட்டில். அக்காவோடு அவர் மகளும் வந்திருந்தாள். இங்கே கல்லூரியில் படிக்கிறாள். சின்ன வயதில் என் மறைக்கல்வி வகுப்பில் இருந்தவள், இன்னும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள். லேப்டாப் அவளுடையது. அதனால் அவளும் அறையில் இருந்தாள்.

திரையில் வந்த வழக்கறிஞர் நடுவயதுப் பெண். குரலில் அவசரமே இல்லை. போர் முடியும் சமயத்தில் அக்கா குடும்பம் எந்தெந்த ஊராக நகர்ந்தது என்று கேட்டார்.

“அண்டைக்கு விடிய வெளிக்கிட்டனாங்கள்” என்றார் அக்கா.

யூனிட்டில் அக்கா புடவை மாற்றிக்கொண்டு வருவதைத்தான் ‘வெளிக்கிட்டு வாறன்’ என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். “டிரெஸ் பண்ணிக்கிட்டீங்களாக்கா?” என்று கேட்டேன்.

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். “ஐயோ டீச்சர், கெளம்புனோம்னு சொல்லுது. ஷெல்லு வந்து வுழுது, எங்கம்மா பவுடர் போட்டுக்கிட்டா இருந்திருக்கும்?”

“கேளுங்கோ வாயை. இது விருத்தாசலம் வாய். எங்கட வாய் இல்லை” என்றார் அக்கா. அன்றைக்கு நாங்கள் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

அதன்பின் எல்லாம் கேள்வி. வழக்கறிஞர் ஒரே விஷயத்தை மூன்று விதமாகக் கேட்பார். அங்கே எத்தனை பேர் இருந்தார்கள்? எப்படித் தெரியும்? நீங்களே பார்த்தீர்களா, யாராவது சொன்னார்களா? அக்கா ஒவ்வொரு முறையும் முழு பதிலையும் முதலிலிருந்து சொல்வார். நானும் முதலிலிருந்து மொழிபெயர்ப்பேன். இரண்டாவது ஞாயிறு முடிந்து வீட்டுக்குப் போனபோது எனக்குத் தமிழும் வரவில்லை, இங்கிலீஷும் வரவில்லை. அம்மா சோற்றைப் போட்டுக்கொண்டே, “அவங்க கத அவங்களுக்கு. நீ எதுக்குடி இழுத்துத் தலையில போட்டுக்கிற? பொண்ணு பாக்க வராங்கன்னா மட்டும் ஒனக்கு டயர்டா இருக்குது” என்றாள்.

இப்படிப்பட்ட விசாரணைகளைப் பற்றி எனக்குத் தெரிந்தது பள்ளிப் பாடத்தில் இருந்த இரண்டு மூன்று வரிகள்தான். இரண்டாம் உலகப் போர் முடிந்து, ஜெர்மனியின் தலைவர்களைக் கூண்டில் நிறுத்தி விசாரித்தார்கள், தண்டித்தார்கள். அதற்கும் இந்த ஓயாத கேள்விக்கும் என்ன சம்பந்தம் என்று வழக்கறிஞரிடமே கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. அந்த விசாரணையில், குற்றம் செய்தவர்கள் தாங்களே எழுதிவைத்த காகிதங்கள் மலை மலையாகக் கிடைத்தன. அவையே போதுமானதாக இருந்தன என்றார். பின்னால் வேறு நாடுகளுக்காக நடந்த விசாரணைகளில் காகிதம் கிடைக்கவில்லை. மனிதர்கள்தான் வந்தார்கள். வந்தவர்களில் பலர், ஊரே பேசியதைத் தாங்கள் பார்த்ததாகச் சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்ல நினைக்கவில்லை. ஊருக்கு நடந்தது தங்களுக்கும் நடந்ததுதானே என்று நினைத்தார்கள். குறுக்கு விசாரணையில் அது உடைந்தது. அப்போது அவர்கள் சொன்ன உண்மைகளையும் சேர்த்தே ஒதுக்கிவிட்டார்கள்.

“அதனால்தான் முதலிலேயே நான் கேட்டுவிடுகிறேன். மன்னிக்கச் சொல்லுங்கள்” என்றார். சொன்னேன். அக்கா தலையை மட்டும் ஆட்டினார்.

அத்தனை விசாரணைகள், தீர்ப்புகள், அவற்றைப் பற்றிய புத்தகங்கள். அவற்றிலிருந்து எங்கள் மறைக்கல்வி அறைவரை வந்து சேர்ந்தது ஒரு கேள்விதான்: நீங்களே பார்த்தீர்களா?

மூன்றாவது ஞாயிறு சரணடைந்த நாளுக்கு வந்தோம். அறையில் மின்விசிறி ஓடியும் வேர்த்தது. அக்கா சொல்லிக்கொண்டே வந்தார். இயக்கத்தில் ஒரு நாள் இருந்தவர்களும் வந்து பெயர் கொடுக்கலாம் என்று ராணுவம் ஒலிபெருக்கியில் சொன்னது. அவர் கணவர் இயக்கத்தின் ஆஸ்பத்திரியில் கொஞ்ச காலம் வண்டி ஓட்டியவர். கொடுத்துவிட்டால் முடிந்தது என்று நினைத்து வரிசையில் போய் நின்றார். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் பஸ்கள் நின்றன.

“நான் வேலிக்கு இங்கால பிள்ளையோட நிண்டனான். வரிசை நகர்ந்தது. அவர் பஸ்ஸில ஏறினவராம்.”

மகளுக்கு அந்தக் காட்சி மனப்பாடம். எங்களிடமும் பலமுறை சொல்லியிருக்கிறாள். அப்பா பஸ்ஸில் ஏறும்போது திரும்பிப் பார்த்துக் கை காட்டினார் என்பதுதான் அவளுக்கு அப்பா. அதனால் அந்தக் கடைசி ஒட்டு அவள் காதில் விழவில்லை. எனக்கு விழுந்தது.

என் வேலை அப்படி. கீறல் விட்ட கப் என் மேஜைக்கு வரும். சூளைக்காரர்கள், வரும்போதே கீறல் இருந்தது என்பார்கள். ஃபினிஷிங் ஆட்கள், சூளையில்தான் விட்டது என்பார்கள். நான் இருவரையும் கேட்பதில்லை. கீறலின் ஓரத்தைப் பார்ப்பேன். மேலே பூசிய மெருகு சூட்டில் உருகி ஓரம் மழுங்கியிருந்தால் அது சூளைக்கு முன்னால் விழுந்தது. ஓரம் கூர்மையாக இருந்தால் சுட்டு ஆறும்போது விழுந்தது. மனிதர் பேச்சிலும் அப்படி ஓர் அடையாளம் இருக்கும் என்று நினைத்ததில்லை. தமிழில் ‘ஆம்’ என்று ஒட்டினால் போதும். ஆங்கிலத்தில் அதற்கு ஒரு தனி வாக்கியம் வேண்டும். வழக்கறிஞர் என் வாயைப் பார்த்துக் காத்திருந்தார்.

“அக்கா, ஏறினாரா, ஏறினாராமா?”

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். மகள் ஃபோனைக் கீழே வைத்தாள்.

“என்னம்மா?” என்றாள்.

“தலை இடிக்குது தங்கச்சி. அடுத்த கிழமை கதைப்பம் எண்டு அவவிட்டச் சொல்லுங்கோ.”

சொன்னேன். வெளியே கொடிமரத்தருகே செருப்பைப் போட்டுக்கொள்ளும்போது மகள், “அப்ப கை காட்டுனது?” என்று கேட்டது எனக்கும் கேட்டது. அக்கா ஷேர் ஆட்டோவைக் கை தட்டி நிறுத்தினார்.

அந்த வாரம் யூனிட்டில் டீ நேரத்தில் அக்கா லேப்பில் என் மேஜைக்கு வந்தார். கையில் களிமண் காய்ந்து வெளுத்திருந்தது. ஃபினிஷிங்கில் இருக்கும் இன்னொருத்தி போகிற போக்கில், “என்னாக்கா, லேப் பக்கம் டூட்டி மாத்திக்கிட்டியா? ஃபேன் காத்து கேக்குதோ?” என்றாள். அவள் போகும்வரை அக்கா சிரித்தபடி நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“நான் காணேல்ல தங்கச்சி. பிள்ளை தண்ணி கேட்டு அழுதவள். போத்தல் மூடி இறுகிப்போச்சு. குனிஞ்சு திறந்து குடுத்திட்டு நிமிர்றன், அவர் நிண்ட இடத்தில வேற ஆள். பஸ் வெளிக்கிட்டிட்டுது. பக்கத்தில நிண்ட மனுசி சொன்னவா, ‘உங்கட ஆள் ஏறினவர், உங்களைத்தான் பாத்தவர்’ எண்டு. கை காட்டினது நான் போட்டது. பிள்ளை கேட்டுக்கொண்டே இருப்பாள், அப்பா என்ன செய்தவர், என்ன செய்தவர் எண்டு. என்னத்தைச் சொல்ல?”

நான் அவருக்குத் தெரிந்ததையே இரண்டாகப் பிரித்துச் சொன்னேன். ‘பார்த்தேன்’ என்றால், கணவர் ராணுவத்தின் கையில் இருந்ததற்கு அவர் நேரடிச் சாட்சி. ‘சொன்னார்கள்’ என்றால், சொன்ன அந்தப் பெண்ணைத் தேட வேண்டும்.

“அவவின்ர பேரே தெரியாது. தையல் மெஷின்ர தலையை மட்டும் கழட்டிக் கையில வைச்சிருந்தவா. அது மட்டும்தான் ஞாபகம்.”

“பாத்தேன்னு சொல்லிட்டா, நாளைக்கு கோர்ட்டுல எதிர்த்தரப்பு திருப்பித் திருப்பிக் கேப்பாங்கக்கா.”

“முதல்ல கோர்ட்டு வரட்டும்.” கையில் காய்ந்த களிமண்ணைச் சுரண்டினார். “கோர்ட்டுக்கு நான் பயப்பிடேல்ல. காணேல்ல எண்டு சொன்னா, ஏன் காணேல்ல எண்டு அந்த லோயர் மனுசி கேப்பா. அவ விடமாட்டா. பிள்ளைக்கு முன்னால அதுக்கு நான் என்ன சொல்ல?”

மகளைக் கூட்டி வராமல் வரலாமே என்றேன். வாக்குமூலம் வீட்டுக்கு வரும், இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்தது வீட்டில் அவள் ஒருத்திதான் என்றார். சங்கு ஊதியது. அவர் போய்விட்டார்.

நான்காவது ஞாயிறு மகளும் வந்தாள். வழக்கம்போல லேப்டாப்பைத் திறந்து கொடுத்துவிட்டு, வழக்கத்துக்கு மாறாக அம்மாவை ஒட்டி உட்காராமல் ஜன்னல் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். வழக்கறிஞர் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார்.

“ஏறினவர் எண்டு பக்கத்தில நிண்ட ஒரு மனுசி சொன்னவா. நான் காணேல்ல” என்றார் அக்கா. குரல் யூனிட்டில் பேசுவதுபோலத்தான் இருந்தது.

மொழிபெயர்த்தேன். வழக்கறிஞர் எழுதிக்கொண்டார். பிறகு, அக்கா சொன்னபடியே, ஏன் பார்க்கவில்லை என்று கேட்டார்.

“தண்ணிப் போத்தல் திறந்துகொண்டு நிண்டனான்.”

யாருக்குத் தண்ணீர் என்று கேட்டார். கேட்காமல் விட்டிருக்கலாம். ஆனால் விடாமல் கேட்பதுதான் அவருக்குக் கற்றுக்கொடுத்த வேலை.

“பிள்ளைக்கு.”

“எனக்கா?” என்றாள் மகள் ஜன்னல் பக்கமிருந்து.

“வேற ஆருக்கு? அந்த வெயிலுக்குச் சின்னப்பிள்ளை தண்ணி கேக்காம என்ன செய்யும்?”

“அப்ப நான் அழுவாம இருந்திருந்தா நீ பாத்திருப்ப.”

“பாத்திருந்தா? பஸ்ஸை நிப்பாட்டியிருப்பனே நான்? சொல்லு. இறக்கிக் கூட்டி வந்திருப்பனே?”

“கை காட்டுனாருன்னு சொன்னியேம்மா. நான் எல்லார்கிட்டயும் சொல்லியிருக்குறேன். க்ளாஸ்லகூட சொல்லியிருக்குறேன்.”

“காட்டியிருப்பார். காட்டாமப் போற மனுசன் இல்லை அவர். நான் காணேல்ல, அவ்வளவுதான்.”

திரையில் வழக்கறிஞர், என்ன பேசுகிறார்கள் என்று கேட்டார். குடும்பப் பேச்சு என்றேன். நான்கு வாரங்களில் நான் மொழிபெயர்க்காமல் விட்டது அது மட்டும்தான். அவரும் வற்புறுத்தவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனார். திரையில் காலி நாற்காலி கொஞ்ச நேரம் தெரிந்தது. மகள் அழவில்லை. மேஜைமேல் இருந்த என் பாட்டிலை எடுத்துக் குடித்தாள். அம்மாவிடம் நீட்டினாள். அக்கா வேண்டாமென்று கையை அசைத்தார்.

வழக்கறிஞர் திரும்பி வந்ததும் வாக்கியத்தை வாசித்துக் காட்டினார். நான் தமிழில் சொன்னேன்: ‘என் கணவர் பேருந்தில் ஏறியதாக அருகில் நின்ற ஒரு பெண் என்னிடம் சொன்னார். நான் அதைப் பார்க்கவில்லை.’ இரண்டாவது வாக்கியமும் வேண்டுமா என்று நான் கேட்டேன். வேண்டும் என்றார்கள், அக்காவும் வழக்கறிஞரும். அதை என் நோட்டில் எழுதி நீட்டினேன், கீழே அக்கா தமிழில் கையெழுத்துப் போட்டார். மகள் அதை ஃபோனில் படம் எடுத்து அனுப்பினாள்.

அன்று அவர்கள் ஒரே ஷேர் ஆட்டோவில்தான் போனார்கள். மகள் முன்னால் டிரைவர் பக்கம், அக்கா பின்னால். நான் வீட்டுக்குப் போய்ப் பகலில் படுத்து இருட்டும்வரை தூங்கினேன். அம்மா எழுப்பவில்லை.

இதற்கெல்லாம் பிறகு இணையத்தில் தேடிப் படித்தேன். இப்படிப்பட்ட குற்றங்களை விசாரிக்கும் சர்வதேச நீதிமன்றம் ஒன்று இருக்கிறது. அதன் ஒப்பந்தத்தில் இலங்கை சேரவில்லை. இந்தியாவும் சேரவில்லை. இதை அக்காவிடம் சொன்னபோது, “அப்ப நாங்கள் ரெண்டு பக்கத்தாலயும் வெளியில” என்றார். அலுப்பில் சொன்னாரா, கிண்டலா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

இப்போது நிலைமை இதுதான். வழக்கு எதுவும் இல்லை. வாக்குமூலம் வந்து சேர்ந்ததாக ஒரு பதில் வந்தது, பிறகு ஒன்றும் வரவில்லை. நேரடிச் சாட்சி இல்லாதவர்களின் வரிசையில் அக்காவின் கணவர் இருக்கிறார். தையல் மெஷினோடு நின்ற பெண்ணை, தெரிந்த எல்லாருக்கும் ஃபோன் செய்து மகள் தேடுகிறாள், இன்னும் கிடைக்கவில்லை. அப்பாவைப் பற்றி யாராவது கேட்டால், ஏறினாராம் என்றுதான் அவளும் இப்போது சொல்கிறாள்.