உடம்பு குடுக்கிறவன்

வேதமாணிக்கம் மாஸ்டரோட கராத்தே கிளாஸுல "உடம்பு"ன்னு ஒரு வார்த்தை உண்டு. வேற எந்த கிளாஸுலயும் இப்படிச் சொல்ல மாட்டாங்க. மாஸ்டர் ஒரு அடியையோ பிடியையோ செஞ்சு காட்டணும்னா யாராவது ஒருத்தர் எதிர்ல வந்து நிக்கணும் இல்லியா? குத்து வாங்கணும், கையை முறுக்கினா முறுக்கக் குடுக்கணும், தள்ளினா பொத்துன்னு வுழணும். அந்த ஆளுக்குப் பேருதான் உடம்பு. "உடம்பு!"ன்னு மாஸ்டர் ஒரு குரல் வுட்டாருன்னா ஜெயவேலு போய் எதிர்ல நிப்பான். பத்தொம்போது வருசமா அவன்தான் உடம்பு.

சிரிக்காதீங்க. அவன் பொண்டாட்டி கெங்கம்மாவும் சிரிச்சுப் பாத்துட்டா. "ஊர்ல அவனவன் நாலு பேரை அடிச்சிட்டு வந்து பீத்திக்கிறான். நீ இன்னாடான்னா அடி வாங்கினு வந்து பீத்திக்கிற. இதுல ஒனக்கு பதவி வேற"ம்பா. ஜெயவேலு பனியனைத் தூக்கி, விலாவுல கன்னிப்போன எடத்தைக் கண்ணாடியில பாத்துக்கினே இருப்பான். மாஸ்டர் கை பட்ட எடம் அது. கிளாஸுல நூறு பேர் இருக்கட்டும், மாஸ்டர் கை நேரா வந்து படுறது ஒரே ஆளு மேலதானே?

ஆளு காசிமேட்டுல விசைப்படகு என்ஜின் மெக்கானிக்கு. வயசு நாப்பத்தாறு. எட்டாவதோட படிப்பு முடிஞ்சுபோச்சு. எந்த மேடையிலயும் எவனும் இவன் பேரைக் கூப்பிட்டதில்ல. கல்யாணப் பத்திரிகையில கூட எழுத்துப் பிழையோடதான் அச்சாச்சு. இருபது வயசுல மாஸ்டர்கிட்ட வந்து சேந்தான். மாஸ்டர் அப்போ திருவொற்றியூர்ல ஒரு கம்பெனியில ஃபிட்டரு, இப்ப ரிட்டையராகி அறுவத்தேழு வயசு. சேந்து ஏழாவது வருசம் ஒரு நாள், வரிசையில நின்ன அத்தினி பேருல இவனைப் பாத்து, "இவன் வுழுறது பொய்யில்லாம கீதுடா"ன்னாரு. அன்னைக்கு ஆரம்பிச்சுது. உடம்புக்கு மாஸ்டர் வெச்ச சட்டம் ஒண்ணே ஒண்ணுதான். அடி ஆளைச் சாய்ச்சா வுழணும், சாய்க்கலைன்னா நிக்கணும்.

வருசா வருசம் பொங்கல் முடிஞ்சதும் கேம்ப்பு. மூணு நாளு. முகத்துவாரக்குப்பத்துல சமுதாயக் கூடத்தை வாடகைக்குப் புடிப்பாரு மாஸ்டர். சீனியர் பிளாக் பெல்ட்டுங்க மட்டும்தான் வரலாம். போனை எல்லாம் வாங்கி ஒரு பையில போட்டு முடிச்சுப் போட்டுடுவாரு. காலையில ஆத்து வாய்ப் பக்கம் மணல்ல ஓட்டம், அப்பால பிராக்டீஸு, நாஸ்டா, மறுபடி பிராக்டீஸு. மூணாவது நாளு காலையில வூட்டு ஆளுங்க வருவாங்க, குப்பத்து ஜனமும் கூடும். அவங்க முன்னாடி மாஸ்டர் தன்னோட "கால் வாரு"வைக் காட்டுவாரு. எதிராளியோட கணுக்காலைத் தன் காலால வாரி அடிச்சு ஆளைச் சாய்க்கிற அடி. வருசத்துக்கு ஒரே ஒரு தபாதான் காட்டுவாரு, அதுவும் ஜெயவேலு மேல. "மாஸ்டர் கால் எப்ப வந்துச்சு, எப்ப போச்சு, கண்ணுக்கே தெரியல"ன்னு ராயபுரத்துல இருந்து எண்ணூர் வரைக்கும் பேச்சு.

இந்த வருசம் எட்டு பேரு வந்தாங்க. மொத நாளு காலையில மணல்ல வரிசையா நின்னாங்க. அந்தாண்ட கரண்ட்டு கம்பெனி குழாயில இருந்து புகை நேரா மேல போயிகினு இருந்துச்சு. மாஸ்டர் பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கினு, "உடம்பு!"ன்னாரு.

ஜெயவேலு ரெண்டடி முன்னாடி வந்துட்டான்.

மாஸ்டர் அவன் மூஞ்சியைப் பாக்காமலே கையைக் காட்டி நிறுத்தினாரு. "நீ நில்லுடா. ஷெர்லினு, நீ வாம்மா."

முன்னாடி வந்த ரெண்டடியை எட்டு பேரு பாக்கத் திரும்பி நடக்கணும்னா எப்படி இருக்கும்னு நீங்களே யோசிச்சுக்குங்க. பக்கத்துல நின்ன டென்னிஸு, கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுறவன், வாயை வெச்சுகினு சும்மா இருக்க மாட்டான். "இன்னா மாமு, உடம்புக்கு முடியலியா?"ன்னான். ஜெயவேலுக்கு அவன் பல்லைப் பேக்கலாம் போல இருந்துச்சு.

ஷெர்லின் யாருன்னா, தண்டையார்பேட்டையில மொத்த மளிகை வெச்சிருக்கிற ஞானதுரை அண்ணாச்சியோட மவ. வயசு இருபத்தேழு. ஹார்பர் பக்கம் ஒரு கிளியரிங் ஆபீஸுல வேலை. நல்ல புள்ள, அதுதான் பேஜாரு. கெட்ட புள்ளையா இருந்தா திட்டிட்டாவது போவலாம். "ஜெயவேல் அண்ணே, நீங்க எப்படி வுழுவீங்கன்னு பாத்துப் பாத்துதான் நான் கத்துக்கிட்டேன்"னு மொத நாளு மத்தியானமே வந்து சொல்லிச்சு. அவனுக்கு இன்னும் எரிஞ்சுது.

டென்னிஸுகிட்ட மட்டும் ஒப்பாரி வெச்சான். "அது வுழுறதே சரியில்ல மச்சி. மூட்டை போட்டா மாதிரி தொப்புன்னு வுழுது. அவங்கப்பா கடையில மூட்டை எறக்குறதைப் பாத்து கத்துக்கினு வந்திருக்கும்."

"மாஸ்டர் ஒண்ணும் சொல்லலியே?"

"அவரு இன்னாத்த சொல்லுவாரு? பொம்பளப் புள்ளைன்னு வுட்டுட்டாரு."

அப்படி ஒண்ணும் வுடலன்னு அவனுக்கே தெரியும். மாஸ்டரோட வெட்டுக்கை அது முழங்கையில எறங்குன சத்தம் அவன் காதுல இருந்துச்சு. சாயங்காலம் ஷெர்லின் கூடத்து வாசல்ல உக்காந்து அந்த எடத்துல தைலம் தேச்சுகினு இருந்துச்சு. கத்திரிக்காய் கலருல கன்னிப்போயிருந்துச்சு. ஜெயவேலு அந்தக் கன்னிப்பையே பாத்தான். அது தன் கையில இருக்க வேண்டியதுன்னு அவனுக்குத் தோணுச்சு. அடி வாங்குனவளைப் பாத்து வயிறெரிஞ்ச ஆம்பளை இந்த வடசென்னையில இவன் ஒருத்தனாத்தான் இருப்பான். அப்போ பாத்து மாஸ்டர் அந்தப் பக்கமா வந்தாரு. குனிஞ்சு, "வலிக்குதாம்மா?"ன்னு கேட்டாரு.

வலிக்குதாம்மாவாம்! பத்தொம்போது வருசத்துல ஒரு தபா, ஒரே ஒரு தபா, இவனை அப்படிக் கேட்டிருப்பாரா?

ரெண்டாவது நாளு சோறு. கேம்ப்புல ஒரு வழக்கம் இருக்கு, குழம்புல வர்ற கொடுவா மீன் மண்டை உடம்புக்குத்தான். மாஸ்டர் தன் கையால எடுத்து வெப்பாரு. அன்னைக்கு மண்டை ஷெர்லின் தட்டுக்குப் போச்சு. அது திருதிருன்னு முழிச்சுட்டு, மெதுவா ஜெயவேலு பக்கம் தள்ளிச்சு. "அண்ணே, எனக்கு மண்டை தின்னவே தெரியாது. நீங்க சாப்பிடுங்களேன்."

"எனக்குப் பல்லு வலி"ன்னுட்டு எழுந்து கை கழுவப் போயிட்டான். மீன் வாசனை கூடம் பூரா நிக்கிது, அரை வயிறு கூட ரொம்பல. வீம்புன்னா வீம்பு, அப்படி ஒரு வீம்பு.

மூணாவது நாளு எட்டு மணிக்கெல்லாம் வூட்டு ஆளுங்க வந்துட்டாங்க. கெங்கம்மா டிபன் கேரியரோட ஆட்டோவுல வந்து எறங்கினா. ஜெயவேலு அவளைத் தனியா கூட்டிப் போயி விஷயத்தைச் சொன்னான். கெங்கம்மா கேரியரை கீழ வெச்சா.

"நான்தான் மாஸ்டராண்ட சொன்னேன்."

"இன்னா சொன்ன?"

"முட்டி ஜவ்வு கிழிஞ்சு கீது, ஏழு வருசமா மாத்திரை முழுங்கிகினு கீறான், இனிமே வுழ வெச்சா நடக்க மாட்டான்னு டாக்டரு சொல்லிட்டாருன்னு சொன்னேன். பாவம், மனுசன் ஆடிப்போயிட்டாரு. எனக்கு ஒரு வார்த்தை சொல்லலியேன்னாரு."

"ஒன்னை எவடி கேட்டா?"

"எவளும் கேக்கல. ராத்திரியில முட்டியைப் புடிச்சுகினு மொனவுறது நீதானே? காலு போனா என்ஜினுக்குள்ள யாரு எறங்குறது, நானா?"

அவனுக்குக் கண்ணு மண்ணு தெரியாம கோவம் வந்துச்சு. மாஸ்டர் பாவம் பாத்துத்தான் ஒதுக்கினாருன்னு தெரிஞ்சதுல மனசு ஆறணும் இல்லியா? ஆறல. அடுத்தவன் நம்மளைப் பாவம் பாக்குற மாதிரி ஆயிட்டோமேன்னு இன்னும் கொதிச்சுது. முட்டி நல்லாத்தான் கீதுன்னு இன்னைக்கே காட்டிட்டா, அடுத்த வருசம் அந்த எடம் திரும்பத் தனக்குத்தான்னு கணக்குப் போட்டான்.

ஒம்போது மணிக்கு மணல்ல வட்டமா கூட்டம். மாஸ்டர் நடுவுல வந்தாரு. ஷெர்லின் எதிர்ல நின்னுச்சு. "கண்ணை இமைக்காம பாருங்க"ன்னு டென்னிஸு குப்பத்து ஜனத்துக்கு சவுண்டு வுட்டான். மாஸ்டர் சட்டுன்னு காலை வீசினாரு. டப்புன்னு கணுக்கால்ல பட்ட சத்தம் எல்லாருக்கும் கேட்டுச்சு. கால் வந்ததும் தெரிஞ்சுது, போனதும் தெரிஞ்சுது.

ஷெர்லின் நின்ன எடத்துலயே நிக்கிது.

மாஸ்டர் லேசா சிரிச்சுட்டு மறுபடி வீசினாரு. ஷெர்லின் அசைஞ்சுது, அவ்ளோதான். கூட்டத்துல யாரோ இருமினாங்க. அந்தப் புள்ள மூஞ்சி செவந்துபோச்சு. வுழுந்துடலாமான்னு யோசிக்கிறது தெரியுது, ஆனா அடி சாய்ச்சாதான் வுழணும்னு சட்டம் இருக்கே, அது அந்தச் சட்டத்தைப் புடிச்சுகினு நிக்கிது. மாஸ்டர் தன் காலைக் குனிஞ்சு பாத்தாரு. யாரோ வேற ஒருத்தர் காலைப் பாக்குற மாதிரி பாத்தாரு.

ஏன் வுழலன்னு அந்த எட்டு பேருல ஒருத்தனுக்குத்தான் தெரியும். ஏழு வருசம் முன்னாடி கியர்பாக்ஸு சறுக்கி ஜெயவேலு முட்டி மேல வுழுந்துச்சு. அந்த வருசக் கேம்ப்புல, மாஸ்டர் கால் வந்து இடிச்சா முட்டி தாங்காதுன்னு பயந்து, கால் வர்றதுக்கு ஒரு நொடி முன்னாடியே தானா வுழுந்துட்டான். உடம்புங்கிற எடம் போயிடக் கூடாதே! யாருக்கும் தெரியல. அடுத்த வருசம் இன்னும் கொஞ்சம் முன்னாடி. கண்ணுக்கே தெரியாத காலுன்னு பேரு வந்தது அதுக்கப்புறம்தான். இல்லாத காலு எப்படிக் கண்ணுக்குத் தெரியும்?

அப்பவாவது அவன் வாயை மூடிகினு இருந்திருக்கலாம். வயசாச்சு, ஒரு நாளு தவறிப்போச்சுன்னு ஜனம் மறந்திருக்கும். ஆனா ஷெர்லின் அங்க நிக்கிறதைப் பாத்ததும் அவனுக்குள்ள ஒரு சந்தோசம் குபுக்குன்னு வந்துச்சு. பாத்தீங்களா, நான் இல்லன்னா இதான் கதின்னு ஒரு சந்தோசம். வட்டத்துக்குள்ள பூந்துட்டான்.

"தள்ளும்மா. ஒனக்கு வுழத் தெரியல. மாஸ்டர், நான் வரேன்."

"வாணாம்டா, முட்டி..."

"முட்டிக்கு இன்னா? சும்மா வாங்க மாஸ்டர்!"

கெங்கம்மா அங்க இருந்து கத்துறா, அவன் காதுலயே வாங்கல. மாஸ்டர் எதிர்ல கால் அகட்டி நின்னான். மாஸ்டருக்கு இன்னும் மனசு வரல. உள்ளங்கால்ல ஒட்டுன சிப்பியைத் தட்டி வுடலாம்னு வலது காலை லேசா அசைச்சாரு.

ஜெயவேலு வுழுந்தான்.

அதுவும் சாதாரணமாவா? ரெண்டு காலும் ஆகாசத்துல, கை ரெண்டும் மணல்ல பளார்னு அறைய, பத்தொம்போது வருச அனுபவத்தோட வுழுந்தான். எழுந்து பாத்தா கைத்தட்டல் இல்ல. டென்னிஸுதான் மொதல்ல களுக்குன்னு சிரிச்சான். அப்பால அவனும் நிறுத்திட்டான். மாஸ்டர் கால்ல இருந்து எடுத்த சிப்பியைக் கையில வெச்சுகினு நிக்கிறாரு.

"நான் இன்னும் காலை வீசவே இல்லியேடா."

ஜெயவேலு பெல்ட்டை இழுத்து சரி பண்ணிக்கினான்.

"எத்தினி வருசமா?"

"மாஸ்டர்..."

"கேட்டதுக்குச் சொல்லு. எத்தினி வருசமா இப்படி வுழுற?"

"ஏழு வருசம் மாஸ்டர்."

அவரு கத்தல. கத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும். சிப்பியைக் கீழ போட்டுட்டு, "ஏழு வருசமா இது வருதா வரலியான்னு தெரியாமலே காட்டிகினு இருந்திருக்கேன்"னு மெதுவா சொன்னாரு. கண்ணுக்கே தெரியாதுன்னு மத்தவங்க சொன்னதை அவரும் நம்பிட்டாரு, பாவம். பொறவு அவனைத் தாண்டி ஷெர்லினைப் பாத்தாரு.

"நீ சொல்லும்மா. எங்க தப்பு?"

ஷெர்லின் ஜெயவேலு மூஞ்சியை ஒரு தபா பாத்துட்டு, தயங்கித் தயங்கிச் சொல்லிச்சு. "கால் மட்டும் வருது மாஸ்டர். இடுப்பு பின்னாலயே நிக்கிது."

அம்மாம் கூட்டத்துக்கு நடுவுல, அறுவத்தேழு வயசு மனுசன், புதுசா சேந்தவன் மாதிரி இடுப்பைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. வீசினாரு. ஷெர்லின் நின்னுச்சு. மறுபடி வீசினாரு. தள்ளாடிச்சு, நின்னுச்சு. மூணாவது தபா இடுப்பு முன்னாடி வந்துச்சு, கால் பின்னாலயே வந்துச்சு, அந்தப் புள்ள ரெண்டு காலும் தரையை வுட்டுக் கெளம்பி மல்லாக்க வுழுந்துச்சு. மூட்டை போட்ட மாதிரி தொப்புன்னுதான் வுழுந்துச்சு. மூச்சு அடைச்சு, கண்ணு தண்ணி கோத்து, அப்படியே சிரிச்சுச்சு.

மாஸ்டர் சின்னப் புள்ளை மாதிரி கையைத் தட்டினாரு. சட்டுன்னு திரும்பி, இத்தினி நேரம் நடந்ததெல்லாம் மறந்துபோனவரு மாதிரி, ஜெயவேலு தோளைப் புடிச்சு உலுக்கினாரு.

"பாத்தியாடா ஜெயவேலு? வருதுடா! இன்னும் வருதுடா எனக்கு!"

"பாத்தேன் மாஸ்டர்"னான்.

அவரு மூஞ்சி அப்படி மலந்து அவன் எந்தக் கேம்ப்புலயும் பாத்ததில்ல. ஏழு வருசமா அதை அவருக்குக் கிடைக்காமப் பண்ணது தான்தான்னு அவனுக்கு நல்லாவே வெளங்குச்சு. வெளங்கியும், மணலைத் தட்டிகினு எழுந்திருக்கிற அந்தப் புள்ளையைப் பாக்கப் பாக்க வயிறு எரிஞ்சுகினேதான் இருந்துச்சு.