முள்வேலிக்குள் ஓடியவர்

மலாயாவில் அவசரகாலத்தின்போது, காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உதவி போய்விடாதபடி, அலோர் காஜா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் எங்கள் குடியிருப்பு லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டுவிட்டார்கள். பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கும் என் நண்பர் ஓட்டப்பந்தயக்காரர். வெளியே போக முடியாததால் மாலையில் வேலிக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஓடினார். சந்தேகப்பட்ட வெள்ளைக்கார அதிகாரி, காவலர் ஒருவரைத் துப்பாக்கியோடு அவர் பின்னாலேயே ஓடவிட்டார். காவலருக்கு மூச்சு வாங்கியது.

“துப்பாக்கிய எங்கிட்டக் கொடுங்கண்ணே. கைய வீசி ஓடுங்க,” என்றார் நண்பர். காவலரும் கொடுத்துவிட்டார்.

அந்நேரம் ஜீப்பில் வந்த அதிகாரி, துப்பாக்கியோடு ஓடும் தொழிலாளியைக் கண்டு கைத்துப்பாக்கியை உருவி, நிற்கச் சொல்லிக் கத்தினார். நண்பர் சுற்றை முடித்துவிட்டுத்தான் வந்து நின்றார். துப்பாக்கியை இரு கைகளாலும் நீட்டி, “இப்ப நல்லா ஓடுறாருங்க தொரை,” என்றார்.

அதிகாரி துப்பாக்கியை வாங்கிக்கொண்டு போனார்.

“சுட்டிருந்தா?” என்று கேட்டேன்.

“பாதியில நின்னா மூச்சு கெட்டுரும் லா,” என்றார்.

அது துணிச்சலா, வேறு ஏதாவதா, எனக்கு இன்றும் விளங்கவில்லை.