குன்றாண்டார்கோவிலில் கை நனைத்தோம்

1955 ஆவணியில் ஒரு வியாழக்கிழமை, காலை ஆறேகாலுக்குத் திருச்சியில் புதுக்கோட்டை பஸ்ஸைப் பிடித்தேன். கீரனூருக்குப் பதினெட்டு மைல், டிக்கெட் முக்கால் ரூபாய். இதே ரோட்டில் பல வருஷம் கண்டக்டராக ஓடியவன் என் உயிர்த்தோழன் சவரிமுத்து. நான் அதே பஸ் கம்பெனி ஆபீஸில் கணக்கர். அவன் இறந்து பத்து மாதமாகியிருந்தது.

அவன் மகள் பிலோமினா ஆவூரில் டீச்சர். குன்றாண்டார்கோவில் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் அவளுக்குச் சம்பந்தம் பேசியிருந்தார்கள். பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் பையனின் அப்பா அருளப்பன், வேலையை விட்டால்தான் பெண் எடுப்போம் என்று பிடிவாதம். விட மாட்டேன் என்று இவளும் பிடிவாதம். கடைசியாக ஒருமுறை பேசிப் பார்க்க, அப்பன் ஸ்தானத்தில் என்னை அனுப்பினார்கள்.

மாத்தூர் தாண்டியதும் செம்மண்ணும் பனையும் மொட்டைப் பாறைகளும். கீரனூரில் பிலோமினாவின் தாய்மாமன் அந்தோணிசாமி, மடிப்புக் கலையாத வேட்டியில் காத்திருந்தார். ஒரு டீ குடித்துவிட்டு, இரண்டு ரூபாய் பேசி மாட்டுவண்டி பிடித்தோம். எட்டு மைல் என்றார் வண்டிக்காரர். எலும்பெல்லாம் பதினெட்டு என்றது.

"பேச்சு முடியிறவரைக்கும் அங்க கை நனைக்கக் கூடாதுங்க. தண்ணிகூட வேணாம்" என்று வழியெல்லாம் எச்சரித்துக்கொண்டே வந்தார் அந்தோணிசாமி. சம்பந்தம் முடிவாகாத வீட்டில் சாப்பிடுவதில்லை என்பது இந்தப் பக்கத்து வழக்கம்.

சவரி இதில் தனி ரகம். பதினோரு மணி பஸ்ஸில் சில்லறைக்கும் சீட்டுக்கும் சண்டை போடுகிற அதே ஆட்கள், சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி பஸ்ஸில் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்குவதைப் பார்த்தவன். "ஜனங்க கெட்டவங்க இல்லடா, பசிச்சவங்க" என்பான். கல்யாணமோ பாகப்பிரிவினையோ, எங்கே போனாலும் முதலில் சோறு கேட்பான். அவனைப் போல இன்னொரு மனிதனை நான் பார்த்ததில்லை.

குன்றாண்டார்கோவிலில் பாறையைக் குடைந்த கோயிலும், கல்குதிரைகள் இழுக்கிற தேர்போன்ற மண்டபமும் வண்டியிலிருந்தே தெரிந்தன. கண் அகல மறுத்தது. அருளப்பன் வீட்டை அடைந்தபோது உச்சிவெயில். அடுக்களைக் கதவுக்குப் பின்னால் அவர் மனைவியின் வளையல் சத்தம் மட்டும் கேட்டது.

"மருமவ சம்பாதிச்சுதான் நாங்க திங்கணுமாங்க?" என்று எடுத்த எடுப்பில் கேட்டார் அருளப்பன். அந்தோணிசாமி சிவந்தார். இன்னும் இரண்டு வார்த்தை போயிருந்தால் பிலோமினாவின் கல்யாணம் அங்கேயே முறிந்திருக்கும்.

"ஐயா, எனக்குப் பசிக்குது. சாப்பிட ஏதாச்சும் இருக்குங்களா?" என்றேன்.

அந்தோணிசாமி என் தொடையைக் கிள்ளினார். உள்ளேயிருந்து, "கருவாட்டுக் கொழம்புதான் இருக்கு, பரவால்லீங்களா?" என்று அந்த அம்மாளின் குரல் வந்தது. அமிர்தம் என்றேன்.

மூவருக்கும் இலை விழுந்தது. பரிமாற அந்த அம்மாள் வெளியே வந்தார். சவரியின் கெட்டிக்காரத்தனம் முழுசாக எனக்கு அப்போதுதான் விளங்கியது. கூடத்தில் பேசினால் ஆண்கள் மட்டுமே பேசுவோம். இலையில் உட்கார்ந்தால் பரிமாறுகிறவரும் பேசுவார்.

கணவர் இலையில் குழம்பை ஊற்றிக்கொண்டே அவர் சொன்னார்: "எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. பொறக்கப்போற புள்ளைகளுக்காச்சும் வீட்டுல ஒரு டீச்சரு இருக்கட்டுமே. அந்தப் புள்ளைய எதுக்கு வேலைய விடச் சொல்றீங்க?"

அருளப்பன் நிமிரவில்லை. சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். "இத்தனை நாளா இதச் சொல்லலியே நீ" என்றார்.

"யாரு கேட்டீங்க?"

அருளப்பன் சிரித்துவிட்டார். "சரி, வேலைக்குப் போகட்டும். தை மாசம் வச்சுக்கலாம்."

மூன்று மணிக்குக் கிளம்பினோம். வாசல்வரை வந்த அருளப்பன், சாப்பாடு கேட்கும் யோசனை எங்கிருந்து வந்தது என்று விசாரித்தார். சவரியைப் பற்றிச் சொன்னேன். "அந்த மனுசனப் பாக்கக் குடுத்து வைக்கலியே" என்றார்.

திரும்பும் வழியில் அந்தோணிசாமி மாடுகளையே பார்த்துக்கொண்டு வந்தார். வழக்கத்தை மீறியதில் கோபம் போலும் என்று நானும் சும்மா இருந்தேன். கீரனூர் நெருங்கும்போது தொண்டையைச் செருமினார்.

"அடுத்த மாசம் எஞ் சின்ன மக விசயமா கொளத்தூருக்குப் போறேன். அங்கிட்டும் மொதல்ல சோறு கேட்டுரலாமுங்களா?"

கேளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். சவரியைப் புதைத்த அன்று வராத அழுகை, அந்த வண்டியில் வந்தது.