கரண்ட் போகாத நாளில் ஜெயம்மா

ஜெயம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதாகச் சொன்ன டாக்டர், தினமும் ஒரு மணி நேரம் நடக்கச் சொன்னார். எங்கே நடப்பது என்று மட்டும் சொல்லவில்லை. நகரிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு விசைத்தறி. வாசலில் நூல் மூட்டையும் மோட்டார் சைக்கிளும் போக மிச்சமிருக்கும் இடத்தில் ஆடு படுத்திருக்கும். மெயின் ரோட்டில் ஜல்லி லாரிகள். கொஞ்ச நாள் அங்கே நடந்து பார்த்துவிட்டு, "லாரிக்காரன் ஆரன் அடிச்சே சக்கரைய ஏத்திடுவான் போலகீது" என்று திரும்பிவிட்டார்.

மிச்சமிருந்தது ஏரிக்கரை. அதை முள்மரம் மூடியிருந்தது. ஜெயம்மா கொடுவாளை எடுத்துக்கொண்டு போனார். நடந்ததைவிட வெட்டியதுதான் அதிகம். அவருடைய கணவர் சந்திரன், "டாக்டரு நடக்கச் சொன்னாரா, காடு அழிக்கச் சொன்னாரா?" என்று தெருவே கேட்கும்படி விசாரிப்பார்.

வெளிநாடுகளில் சில வருடம் வேலையும் ஊர் சுற்றலுமாக இருந்துவிட்டு நான் திரும்பியது அந்தச் சமயம்தான். ஒரே இடத்தில் உட்காரப் பிடிக்காமல் அவரோடு போய் முள் வெட்டினேன். போன இடங்களில் பார்த்த ஏரிகளைப் பற்றிச் சொல்வேன். சுற்றிலும் நடைபாதை, உட்காரப் பெஞ்சு, பறவைகளுக்கென்று விட்டுவைத்த திட்டு. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஜெயம்மா ஒன்றுதான் கேட்டார்.

"அங்கெல்லாம் யாரு துட்டு போடறாங்க?"

"கொஞ்சம் சர்க்காரு, கொஞ்சம் ட்ரஸ்டு, மிச்சம் ஊர்க்காரங்க."

"நம்பளுக்கு அந்த ட்ரஸ்டு எங்க கீது?"

தேடிப் பார்த்தால் திருப்பதியிலேயே ஒன்று இருந்தது. ஏரிகளைச் சீர்செய்ய அவர்கள் முக்கால் பங்கு தருவார்கள். கால் பங்கை ஊர் தன் உடலுழைப்பாகத் தரவேண்டும். ஏரியைப் பயன்படுத்தும் எல்லாருமே சேர்ந்து நிற்க வேண்டும். அவர்களுடைய அதிகாரி பத்மாவதி ஒருநாள் நேரில் வந்து வேலை நடப்பதைப் பார்ப்பார். ஆட்கள் இல்லையென்றால் பணம் கார்வேட்டிநகரம் பக்கத்தில் காத்திருக்கும் இன்னொரு ஏரிக்குப் போய்விடும்.

எங்கள் ஏரிக்கு எதிர்க்கரையில் கழனி வேலை செய்யும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களிடம் பேச ஜெயம்மா, அங்கே மாடு வைத்திருக்கும் சென்னம்மாவிடம் போனார். சென்னம்மா பால் கறந்துகொண்டே பதில் சொன்னார்.

"நீங்க பெஞ்சு போட்டுக் குந்திக்கினு என் மாட்டப் பாத்து மூக்கப் புடிப்பீங்கோ. அப்பால மாடு வரக்கூடாதுன்னு போர்டு வைப்பீங்கோ."

"உன் மாட்ட விட எங்க தறிக் கொட்டா நாத்தம் ஜாஸ்தி. மொதல்ல உன் மாடு தண்ணிக்கு எறங்கறதுக்குச் சரிவு கட்டுவோம். அப்பால எனக்குப் பாதை."

"இது நல்லாகீது. என்னிக்கு வரணும் சொல்லு."

நாள் குறிப்பதில்தான் ஜெயம்மா தப்பு செய்தார். தறி ஓடும்போது எங்கள் தெரு ஆட்கள் வெளியே வரமாட்டார்கள். மீட்டர் கணக்கில் கூலி. அதனால் மற்ற வேலையெல்லாம் கரண்ட் இல்லாத நாளில்தான். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட மின்தடை என்றைக்கு என்று கேட்டுக்கொண்டுதான் வருவார்கள். ஜெயம்மாவும் லைன்மேன் சுரேஷ்பாபுவிடம் கேட்டார். வருகிற சனிக்கிழமை நாள் முழுக்க மின்தடை என்றார் அவர். வேறு யாரையும் கேட்காமல் அதே சனிக்கிழமையைப் பத்மாவதிக்குச் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை காலையில் சென்னம்மா மண்வெட்டியும் கூடையுமாகப் பெருங்கூட்டத்தோடு வந்து நின்றார். எங்கள் பக்கம் ஜெயம்மாவும் நானும் மட்டும். தெருவிலிருந்து தறிகள் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஜெயம்மா போன் போட்டார். "மெட்டீரியல் வரலக்கா, கரண்ட் நிறுத்தறத வாயிதா போட்டுட்டாங்க. நல்லதுதான, கரண்ட் கீதே" என்றார் சுரேஷ்பாபு.

"ரொம்ப நல்லது நைனா" என்று ஜெயம்மா போனை வைத்தார்.

"இன்னாக்கா, உங்க ஆளுங்கல்லாம் தண்ணிக்குள்ள ஒளிஞ்சிகினு கீறாங்களா?" என்று சென்னம்மா ஏரியை எட்டிப் பார்த்தார். அவரோடு வந்தவர்கள் சிரித்தார்கள்.

ஒரு மணி நேரமாவது லைனை நிறுத்தச் சொல்லிப் பாருங்களேன் என்று நான் காதோடு சொன்னேன். ஜெயம்மா என்னை முறைத்தார்.

"ஓடற தறி பொசுக்குனு நின்னா துணியில கோடு வுழும். கோட்டுக்குக் கூலிய புடிப்பாங்க. நான் நடக்கறதுக்கு அடுத்தவங்க துன்ற சோத்துல கை வைக்கவா?"

சொல்லிவிட்டுத் தெருவுக்குள் விறுவிறுவென்று நடந்தார். தறிக் கொட்டகைக்குள் பேச்சு கேட்காது. அங்கே எல்லாரும் கையாலும் உதட்டசைவாலும்தான் பேசிக்கொள்வார்கள். ஜெயம்மா முதலில் சந்திரனிடம் போய்த் தங்கள் தறிகளைக் காட்டினார், பக்கத்து வீட்டுத் தறிகளைக் காட்டினார், கடைசியில் சந்திரனின் கண்ணைச் சுட்டிக்காட்டினார். இரண்டு வீட்டுத் தறியையும் நீயே பார்த்துக்கொள் என்று அர்த்தம். சந்திரன் தலையில் அடித்துக்கொண்டு சரி என்றார். பக்கத்து வீட்டுக்காரர்களை ஜெயம்மா ஏரி பக்கம் கைகாட்டி அனுப்பினார். இப்படியே வீடு வீடாக. அரை மணி நேரம் ஒருவர் மண் சுமப்பது, மற்றவர் தறி பார்ப்பது, பிறகு மாற்றிக்கொள்வது.

பத்மாவதி ஜீப்பிலிருந்து இறங்கியபோது இரண்டு பக்கத்து ஆட்களும் கரையில் இருந்தார்கள். அவர் தலைகளை எண்ணினார். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி எண்ணினார். எண்ணிக்கை அதேதான், முகங்கள் வேறு.

"ஏமிட்டம்மா இது, இப்ப இருந்தவங்கல்லாம் எங்க போனாங்க?"

ஜெயம்மா வாயைத் திறப்பதற்குள் சென்னம்மா முந்திக்கொண்டார். "தறி பாக்கப் போயிட்டாங்க மேடம். தலையில பஞ்சு இருந்தா புச்சா வந்தவங்க. பஞ்சு மேல மண்ணு இருந்தா போகப் போறவங்க. நான் காலையிலேர்ந்து பாத்துகினுதான கீறேன்."

"எல்லாரும் ஒரே நேரத்துல இருக்கணும்னு ரூல் இருக்கே" என்றார் பத்மாவதி.

"ஒரு நாளு எல்லாரும் வந்து போட்டோ எடுத்துகினு போயிட்டா கரை நிக்குமா மேடம்?" என்றார் ஜெயம்மா. "இப்படி மாத்தி மாத்தினா தெனமும் வரலாம். கரண்ட் இருந்தாலும் வரலாம்."

பத்மாவதி நேராகத் தெருவுக்குள் போனார். கொட்டகை கொட்டகையாகப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது அவர் தலையிலும் பஞ்சு. "மேடம், நீங்களும் புச்சா வந்தவங்க, கூடைய எடுங்க" என்றார் சென்னம்மா. பத்மாவதி சிரித்தபடியே ஒரு கூடை மண் சுமந்தார். கிளம்பும்போது, பணம் தருவதாகச் சொல்லி ஒரு நிபந்தனை போட்டார்: ஏரி நடுவில் கொக்குகள் தங்கும் கருவேல மரங்களை யாரும் தொடக்கூடாது. ஜெயம்மா கொடுவாளைப் பின்னால் மறைத்துக்கொண்டு தலையாட்டினார்.

அடுத்த மாதம் பணம் வந்தது. முதலில் மாட்டுச் சரிவு, அதன்பின் பாதை, கடைசியில் பெஞ்சுகள். தெருவின் பங்கு வேலை முழுவதும் அதே மாதிரி ஆள் மாற்றி ஆள் வந்தே நடந்து முடிந்தது.

பாதை திறந்த அன்று பத்மாவதி வந்திருந்தார். அந்திநேரத்தில் இரண்டு பக்கத்து ஆட்களும் கரையில்தான் இருந்தார்கள். குழந்தைகள், கைத்தடிக்காரர்கள், புதுமணத் தம்பதிகள், தண்ணீர் குடித்துவிட்டு ஏறும் மாடுகள். ஜெயம்மா நாலடி வேகமாக வைப்பதற்குள் யாராவது எதிரே வந்து நலம் விசாரித்தார்கள். நின்று நின்று நடந்து, பத்மாவதியிடம் வந்து சேர்ந்தார்.

"இவ்ளோ பேரு வருவாங்கன்னு தெரிஞ்சிருந்தா இன்னும் கொஞ்சம் அகலமா கேட்டிருப்பேன் மேடம்" என்றார். "அதுக்கு இன்னா பண்ணணும்?"